தானாய் விழுந்தவை

அக்காவின் மகன் அந்த இரண்டு பிராணிகளையும் கொழும்பிலிருந்து பேருந்தில் கரம்பொனுக்குக் கொண்டுவந்து இறக்கியபோது அவை உறங்கிக்கொண்டிருந்தன. கூட்டின் மேற்கம்பியில் தொங்கிய துணிப்பையின் அடியில் ஒரு கைப்பிடி அளவு வீக்கம் மட்டும் தெரிந்தது. என் மனைவி பையின் வாயை விரித்துப் பார்த்தாள். சாம்பல் நிற உடம்பு, முதுகில் ஒரு கறுப்புக் கோடு, முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையில் மடித்துவைத்த குடைத்துணி போல ஒரு தோல். அதில் ஒன்று கண்ணைத் திறந்தது. முகத்தில் பாதி கண்தான்.

"இதென்ன, அணிலும் வௌவாலும் களவாய்க் கலியாணம் கட்டிப் பெத்ததோ?" என்றாள்.

"சுகர் கிளைடர், மாமி. அவுஸ்திரேலியாவிலை மரத்துக்கு மரம் பறக்கிறது."

"எங்கட சனமெல்லாம் இஞ்சையிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் போகுது. இதுகள் அங்கையிருந்து கரம்பொனுக்கு வந்திருக்குதுகள். நல்ல விசருகள்."

மருமகனுக்குக் கனடா விசா கிடைத்திருந்தது. கொழும்பு அறையில் அவனுக்குத் துணையாக இருந்தவை இந்த இரண்டும்தான். விற்க மனம் வரவில்லை என்று தாயிடம் கொண்டுவந்திருந்தான். புறப்படும்வரை ஒவ்வொரு மாலையும் பின் விறாந்தையில் கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்து, எதை எவ்வளவு வெட்டிக் கொடுப்பது, தண்ணீர்ப் போத்தலை எப்படிக் கழுவுவது என்று அக்காவுக்குச் செய்து காட்டினான். உலர்ந்த புழுப் பக்கற் ஒன்றும் கொடுத்தான். "இது தினமும் வேணும் அம்மா. வெளியிலை பிடிச்ச பூச்சி குடுக்காதையுங்கோ. வித்தவன் திரும்பத் திரும்பச் சொன்னவன்."

அக்கா புழுப் பக்கற்றைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. அத்தான் இறந்த பிறகு அவள் வீட்டில் மீன் இல்லை, முட்டை இல்லை. ஒழுங்கைக் கோடியிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குக் காலைப் பூசை மாலை அவள் கையால்தான் போகும். விடியுமுன் குளித்து, ஈரத்தலையுடன் தன் வளவிலிருக்கும் நந்தியாவட்டையில் பூ எடுப்பாள். செடியிலிருந்து எடுத்தால்தான் பூ. நிலத்தில் விழுந்தது சாமிக்கு ஆகாது. அப்படிப்பட்டவள் அந்தப் பக்கற்றை ஒரு கரண்டியால் தூக்கிக் குசினிக்கு வெளியே, சீமெந்துத் தொட்டிக்கு மேலிருந்த தட்டில் வைத்தாள். "செத்துக் காய்ஞ்சதுதானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நான் அன்றன்று நடப்பதை அன்றன்றே எழுதிவைக்கிறவன். மழை, காற்று, கிணற்றில் தண்ணீர் எந்தப் படிவரை நிற்கிறது என்பதெல்லாம் எழுதுவேன். இந்த விஷயத்தை மட்டும் ஒரு வருடம் கழித்துத்தான் எழுத முடிகிறது.

தாயும் மகனும் பேச்சில் கஞ்சர்கள். கொழும்பில் இருந்தபோது அவன் கிழமைக்கு ஒருமுறை அழைப்பான். "சாப்பிட்டனீங்களோ?" "ஓம்." "அங்கை மழையோ?" "இல்லை." "சரி, வைக்கிறன்." அவ்வளவுதான். கனடா போன பிறகு இதுவும் குறையும் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் இங்கே பொழுதுபடுகிற நேரத்தில், அந்தப் பிராணிகள் பையிலிருந்து தலையை நீட்டும் நேரத்தில், அங்கே அவனுக்குக் காலை. வேலை தொடங்குமுன் தேநீர் குடிக்கிற அறையிலிருந்து வீடியோவில் அழைக்கத் தொடங்கினான். ஒவ்வொரு நாளும் அழைத்தான்.

ஆணைப் பெடியன் என்றும் பெண்ணைப் பெட்டை என்றும் அக்கா கூப்பிட்டாள். கைபேசியைக் கூட்டின் கம்பியில் சாய்த்துவைத்துவிட்டுக் கதிரையில் இருப்பாள்.

"பெட்டை இண்டைக்கு மாம்பழத்தைத் துப்பிப்போட்டாள், மோனை."

"புளிப்பாய் இருந்திருக்கும்."

"இல்லை, நான் ஒரு துண்டு திண்டு பாத்தனான். இனிப்பு. அவளுக்குத் திமிர்."

அவன் சிரிப்பான். வேலியின் இந்தப் பக்கம் எங்கள் முற்றத்தில் அந்தச் சிரிப்புக் கேட்கும். பெடியன் எதைத் தின்றான் என்பதிலிருந்து, அவன் அங்கே எதைச் சாப்பிட்டான் என்பதற்குப் பேச்சுப் போகும். பெட்டைக்குக் குளிருமோ என்பதிலிருந்து, அவனுடைய சப்பாத்துக்குள் பனி போனது வரைக்கும் போகும். நேராகக் கேட்டால் சொல்லாதவன், இந்த இரண்டையும் சுற்றிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். அக்காவுக்கு அது தெரியும். பகலில் துணிப்பையை அடிக்கொருதரம் போய்த் தொட்டுப் பார்ப்பாள். உள்ளே இளஞ்சூடு இருந்தால் திரும்பி வருவாள்.

புழுப் பக்கற்றுகளைக் கொழும்புக் கடைக்காரர் பேருந்தில் அனுப்பிக்கொண்டிருந்தார். மாரி முடியும் வேளையில், இனிச் சாமான் வராது என்று சொல்லிவிட்டார். வேறு கடைகளிலும் இல்லை. பழத்தையும் தேனையும் கொடுத்துக்கொண்டு சில கிழமைகள் போயின. ஒரு மாலை பெட்டை கம்பியில் ஏறும்போது பின்கால்கள் இழுபட்டன.

நானும் அக்காவும் கூட்டை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போனோம். மிருக வைத்தியர் இளம்பெண். மாடும் ஆடும் நாயும் பார்க்கிறவர். பெட்டையை ஒரு துவாய்க்குள் பிடித்துப் பார்த்தார்.

"உண்மையைச் சொன்னால் இதை நான் படத்திலைதான் கண்டனான், அம்மா. காலுக்குச் சுண்ணாம்புச் சத்துக் காணாது. தூள் தாறன். புரதமும் வேணும். முட்டை அவிச்சுக் குடுங்கோ."

முட்டை என்றதும் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான்தான், "பூச்சி குடுக்கலாமோ?" என்று கேட்டேன்.

"குடுக்கலாம். காட்டிலை அதைத்தானே தின்னுதுகள். ஆனால் மருந்தடிச்ச தோட்டப் பக்கம் பிடிக்கப்படாது. அதுதான் கவனம்."

அன்று மாலை மருமகனிடம் சொன்னோம். அவன் ஏற்கெனவே இதைப்பற்றித் தேடியிருந்தான். "ஒருத்தர் குடுக்கலாம் எண்டுறார், மற்றவர் வெளிப்பூச்சி தொடவே வேண்டாமாம், வயித்திலை கிருமி வருமாம். எனக்கும் விளங்கேல்லை அம்மா. மின்மினி மட்டும் குடுத்திடாதையுங்கோ, அது நஞ்சாம்."

முட்டையை என் மனைவி எங்கள் குசினியில் அவித்து, அக்காவின் முற்றம்வரை கொண்டுபோனாள். பெடியன் ஒரு கடி கடித்து உதறினான். பெட்டை முகர்ந்துவிட்டுப் பைக்குள் போனாள். பூச்சியைத் தவிர வேறு வழியில்லை என்றாகிவிட்டது.

"மச்சாள், முற்றத்துக் கோழி நாளுக்கு எத்தினை வெட்டுக்கிளி கொத்துது? அதுக்குப் பாவமில்லை, உங்களுக்கு மட்டும் பாவமோ?" என்று மனைவி கேட்டாள்.

"கோழி பிள்ளையாருக்கு மாலை கட்டிறேல்லை."

"அப்ப உங்கட தம்பியைப் பிடிக்க விடுங்கோ. அவருக்குத்தான் ஏற்கெனவே மீன் திண்ட பாவம் கிடக்கு. இதையும் சேத்துப் போடுவம்."

அப்படித்தான் நான் பிடிக்கப் போனேன். கடற்கரைப் பக்கம் தரவை இருக்கிறது. மாரியில் தண்ணீர் நின்று வற்றியபின் மாடுகள் மேயும் புல்வெளி அது. அங்கே யாரும் பயிர் செய்வதில்லை, மருந்தும் இல்லை. நுளம்பு வலைத் துண்டைத் தடியில் கட்டிக்கொண்டு, கந்தோரில் வேலை முடிந்து வந்த காற்சட்டையோடு புல்லுக்குள் குனிந்து ஓடினேன். கிட்டப் போனதும் வெட்டுக்கிளி வேறிடத்தில் இருந்தது. இருட்டுமுன் கொஞ்சம்தான் அகப்பட்டது. கூட்டுக்குள் பெடியன் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து, தலையிலிருந்து கடித்துத் தின்றான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் நான் வலையை எடுத்தபோது அவள் வேலியடியில் நின்றாள். "வேண்டாம் தம்பி. நீ பிடிச்சாலும் எனக்காகத்தானே பிடிக்கிறாய். விடு, நான் ஒரு வழி பாத்திட்டன்."

என்ன வழி என்று கேட்டதற்கு, "ஆரையும் கொல்லாத வழி" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு சீமெந்துத் தொட்டியருகே ஒரு சிரட்டையில் வெட்டுக்கிளிகள் இருந்தன. மாலையில் தூளைத் தூவிப் பெடியனுக்குக் கொடுத்தாள். அவன் ஆவலோடு தின்றான். பெட்டை பலவீனமாயிருந்ததால் ஒன்றிரண்டைக் கொறித்துவிட்டு விட்டுவிட்டாள். அக்கா அவளைத்தான் கெஞ்சினாள். "தின்னடி, உனக்காகத்தானே எல்லாம்." கைபேசிக்குள்ளிருந்து மகனும் சேர்ந்து கெஞ்சினான்.

நான் ஒரு பின்னேரம் கந்தோரிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போது அக்கா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஓடிப்போனேன். பெடியன் கூட்டின் அடித்தட்டில் பக்கவாட்டில் கிடந்தான். கைகால்கள் இழுத்து இழுத்து விட்டன. வாயோரம் ஈரம். எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். மின்சாரம் பட்டதுபோல உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது. வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். "என்ன குடுத்தனீங்கள்?" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நடுக்கம் நின்றுவிட்டது.

என் மனைவி சிரட்டையை எடுத்து மூக்கருகே பிடித்தாள். உடனே தள்ளிப் பிடித்தாள்.

"மச்சாள், இதிலை மருந்து மணக்குதே. எங்கை எடுத்தனீங்கள்?"

அக்கா எங்களைக் கூட்டிக்கொண்டு வளவின் தெற்குப் பக்கம் போனாள். நந்தியாவட்டை வரிசை. அதற்குப் பின்னால் வேலி. வேலிக்கு அப்பால் குத்தகைக்கு விட்ட காணியில் மிளகாய்க் கன்றுகள். நந்தியாவட்டையின் அடியில், அவள் காலையில் பூ எடுக்கிற இடத்தில், இரண்டு வெட்டுக்கிளிகள் கிடந்தன. ஒன்று செத்திருந்தது. மற்றது மல்லாந்து கிடந்து, காலை மட்டும் மெல்ல அசைத்தது. அப்பால் மிளகாய் இலைகளில் வெள்ளைப் புள்ளிகள் காய்ந்திருந்தன.

"என்ரை வளவிலை நான் ஒருநாளும் மருந்தடிச்சதில்லை" என்றாள் அக்கா.

"ஓம் அக்கா."

"தோட்டப் பக்கம் போகேல்லை. வேலிக்கு இஞ்சாலை, தானாய் விழுந்து கிடந்ததுதான். ஓடுறதை நான் தொடேல்லை, தம்பி. ஓட ஏலாததைத்தான் எடுத்தனான்."

அதற்கு மேல் அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. ஏன் அவை ஓடவில்லை என்று அவள் ஒருநாளும் யோசித்திருக்கவில்லை. விடியற்காலையில், பிள்ளையாரின் பூவுக்குக் கை நீட்டுகிற இடத்தில், யாரும் கொல்லாமல் கிடந்தால், அதை யார் தந்ததாக அவள் நினைத்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும்.

அத்தானின் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்துப் பெடியனைச் சுற்றித் தேசிமரத்தடியில் புதைத்தேன். குழியை மூடி முடிக்குமுன் விறாந்தையில் கைபேசி அடித்தது.

அக்கா கையைக் கழுவிவிட்டு எடுத்தாள். பெட்டை பையின் வாயில் தலையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"மற்றவர் எங்கை, அம்மா?"

"உள்ளுக்குப் படுத்திருக்கிறான், மோனை."

  மகன் சப்பாத்துக் கடையைப் பற்றி என்னவோ சொன்னான். அக்கா எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னாள். மறுநாளும் பெடியன் உள்ளே படுத்திருந்தான். அதற்கு மறுநாள் வயிறு நிறைந்து படுத்திருந்தான்.

"மச்சாள், எத்தினை நாளைக்கு அவனை நித்திரையாக்கப் போறியள்?" என்றாள் என் மனைவி. அதில் பகிடி இருக்கவில்லை.

"சொன்னால் பிறகு அவன் ஏன் எடுக்கப் போறான்?" என்றாள் அக்கா. "என்னோடை கதைக்கவோ அவன் எடுக்கிறவன்?"

அப்படி அவள் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அந்த மாலையில் மகன், "மற்றவரை எழுப்புங்கோ அம்மா, பாத்துக் கனநாள்" என்றான். அக்கா பையருகே கையைக் கொண்டுபோனாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, நடந்ததை ஒழுங்காக, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். எந்த இடத்தில் எடுத்தாள், ஏன் அங்கே எடுத்தாள், பெடியன் எப்படிக் கிடந்தான், எங்கே புதைத்தது, இத்தனை நாளும் பொய் சொன்னது. கைபேசியில் அவன் முகம் நகர்ந்துவிட்டது. ஒரு கூரையும் நீளமான மின்விளக்கும் மட்டும் தெரிந்தன.

"உயிரோடை பிடிக்க மாமா இருக்கிறாரெல்லோ?" என்று குரல் மட்டும் வந்தது.

"நான்தான் வேண்டாம் எண்டனான்."

"ஏன்?"

அக்கா விறாந்தைக் கட்டுக்கு மேலிருந்த பூத் தட்டத்தைப் பார்த்தாள். அவனுக்குத் தெரியாததல்ல.

"சரி அம்மா. வேலை துடங்குது."

அடுத்த மாலை கைபேசி அடிக்கவில்லை. அதற்கடுத்த மாலையும் இல்லை. அக்கா அதைக் கம்பியில் சாய்த்துவைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். பெட்டை கூட்டின் மூலையில் இருந்துகொண்டு கத்தினாள். தூரத்தில் ஒரு நாய்க்குட்டி குரைப்பது போன்ற சத்தம். சற்று நிறுத்துவாள், காதைத் திருப்புவாள், மறுபடியும் கத்துவாள். பெடியனைத் தேடுகிறாள் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்தது. பழத்தைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். பின்கால்கள் இன்னும் மோசமாயின.

ஒரு மாலை நான் வலையை எடுத்தேன். அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒழுங்கையில் நின்றாள்.

"நானும் வாறன்."

"நான் கொண்டுவாறன், அக்கா. நீங்கள் இருங்கோ."

"நீ பிடிச்சதும் நான் பிடிச்சதும் ஒண்டுதான். ஒண்டெண்டால் நானே பிடிக்கிறன்."

தரவையில் காற்று பலமாக இருந்தது. அக்கா வலையை வாங்கவில்லை. புல்லுக்குள் முழங்காலிட்டு, இரண்டு கைகளையும் கிண்ணம்போல் குவித்து மெல்ல இறக்கினாள். முதலாவது தப்பியது. இரண்டாவதும் தப்பியது. மூன்றாவது அவள் கைக்குள் துள்ளுவதை நான் அவள் முகத்தில் கண்டேன். "உதைக்குது, தம்பி" என்றாள். சின்ன வயதில் எதையாவது பிடித்தபோது சிரித்த சிரிப்பு ஒரு கணம் வந்துபோனது. பிறகு முகம் பழையபடி ஆகிவிட்டது. விடவில்லை. போத்தலுக்குள் போட்டு மூடினாள்.

விறாந்தையில் அதைத் தன் விரல்களால் பிடித்துக் கம்பிக்குள் நீட்டினாள். பெட்டை முகர்ந்தாள். பிறகு இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். பொரித்த அப்பளம் நொறுங்குவது போன்ற சத்தம் கேட்டது. வெட்டுக்கிளியின் கால் அக்காவின் விரலில் உதைத்துக்கொண்டிருந்தது, நிற்கும்வரை. அவள் இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை.

மறுநாள் காலை கோயிலிலிருந்து மாலைக்கு ஆள் வந்தது. அக்கா என்னிடம் வந்து, "கை ஏலாது எண்டு சொல்லு" என்றாள். அவள் கையில் ஒரு குறையும் இல்லை. நானே கோயிலுக்குப் போய் ஐயரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். "அதிலை ஒண்டுமில்லை, குளிச்சிட்டுக் கட்டச் சொல்லுங்கோ. அவ கட்டாமல் ஆர் கட்டுறது?" என்றார். அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன்.

"அவர் சொல்லுவார்" என்றாள் அக்கா. "பிடிக்கிற கை எனக்குத்தானே தெரியும். பின்னேரம் பிடிச்சிட்டு விடியப் பூ எடுக்க என்னாலை ஏலாது. ரெண்டிலை ஒண்டுதான்."

எதை விடுகிறாள் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அத்தான் போன பிறகு, விடியற்காலையில் அவளை எழுப்புகிற வேலை அது ஒன்றுதான்.

மருமகன் மறுபடி அழைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் விறாந்தையில் இருந்தேன். அவன் முகம் மெலிந்திருந்தது. மன்னிப்பு என்று எதையும் யாரும் கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் அப்படிக் கேட்பதில்லை.

"சாப்பிட்டனீங்களோ?"

"ஓம்."

"அங்கை மழையோ?"

"இல்லை."

 அவன் வைத்துவிடப் போகிறான் என்று நினைத்தேன். அக்கா போத்தலைத் திறந்து, துள்ளுகிற ஒன்றைப் பிடித்துக் கம்பிக்குள் நீட்டினாள். பெட்டை ஊர்ந்து வந்து அதைப் பற்றினாள்.

"அம்மா," என்றான் அவன். குரல் மாறியிருந்தது. "உங்கட கையாலையோ?"

"பின்னை? அவளுக்கு உன்ரை மாமாவின்ரை கை பிடிக்காது. மீன் மணக்குதாம்."

அவன் சிரித்தான். முன்னைப்போல நீளமான சிரிப்பு அல்ல. இரண்டு பிராணிகளைப் பற்றிப் பேசியவர்களுக்கு ஒன்றைப் பற்றிப் பேச அவ்வளவு இருக்கவில்லை. ஆனாலும் வைக்கவில்லை. பெட்டை தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் கண் அக்காவுக்குப் பின்னால் போனது.

"பூத் தட்டத்தைக் காணேல்லை. அது உதிலை, கட்டுக்கு மேலைதானே இருக்கும். மாலை கட்டுறேல்லையோ?"

"பூ குறைவு, மோனை. இப்ப பனி."

"ஓ" என்றான்.

நான் முற்றத்தைப் பார்த்தேன். நந்தியாவட்டையில் எடுக்க ஆளில்லாத பூக்கள் நாள் முழுவதும் நின்று, மாலையில் உதிர்ந்து, அடியெல்லாம் வெள்ளையாகக் கிடந்தன. அக்கா கைபேசியைக் கம்பியிலிருந்து எடுத்து, முற்றம் தெரியாதபடி கூட்டின் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"இஞ்சை பார்," என்றாள், "இண்டைக்குப் பின்னங்காலைக் கொஞ்சம் ஊண்டுறாள்."